கையெழுத்து யாருடையது: டர்பன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செப்டம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் ஒரு படிவம் திறந்திருக்கும். இஇஏ2 என்று பெயர். 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, 50 பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதை நிரப்ப வேண்டும். நெடுக்கே ஆறு பதவி நிலைகள். குறுக்கே ஆண், பெண். அதற்குள் ஆப்பிரிக்கர், கலர்டு (கலப்பின வம்சாவளியினர்), இந்தியர், வெள்ளையர் என்று கட்டங்கள். என்னைப்போல வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனிக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் எண் போட வேண்டும், அவ்வளவுதான்.

மதுரையில் கணக்கு படித்துவிட்டு நான் டர்பனுக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பில் பாதி. தெற்கு டர்பனில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு 2018 தொடங்கி ஆறு தடவை நிரப்பிக் கொடுத்தேன். ஆறு தடவையும் உச்சி நிர்வாக வரிசையில், இந்தியப் பெண் என்ற கட்டத்தில் 1 என்று போட்டேன். சம்பளப் பட்டியலில் டைரக்டர் என்று இருந்தது, போட்டுவிட்டேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஆய்வு அந்த 1 பற்றியது.

அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பசை காய்ச்சியவர்

தொழிற்சாலையை ஆரம்பித்தவர் அக்காவின் மாமனார். 1950ஆம் ஆண்டு இனவாரிப் பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 60களில் கட்டிய சாட்ஸ்வொர்த்தில், வீட்டுக் கராஜில் 1987ல் தொடங்கினார். அதற்குமுன் ஒரு வெள்ளைக்கார முதலாளியின் பெட்டித் தொழிற்சாலையில் பல வருஷம் மெஷின் ஓட்டியவர். அங்கே கழித்துப்போட்ட வெட்டுமெஷின் ஒன்றை வாங்கிவந்து பழுதுபார்த்தார். இன்று 140 பேர் வேலை செய்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் அவருடைய பெரிய படம், அடியில் 'நிறுவனர்' என்ற பித்தளைப் பலகை.

அவருடைய மனைவியிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதை நெருங்கியவர், அந்தக் குடும்பத்தில் சரளமாகத் தமிழ் பேசுகிற கடைசி ஆள். சோள மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கராஜில் பெட்டி ஒட்டியது அவர்தான்.

"ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஒட்டுவேன். விடிகாலமே எழுந்து புள்ளைங்களுக்கு ரொட்டி போடணும். பசை காஞ்சு வெரல் வெடிச்சுப்போவும்."

"சம்பளம் எடுத்துக்கிட்டீங்களா ஆயா?"

சிரித்தார். "வூட்டுலே யாருக்கு யாரும்மா சம்பளம் குடுக்கறது?"

கேட்டபோது எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. அந்தக் காலக் கூலி ஒப்பந்தத்தில் ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி, ரேஷனும் பாதி. பாதியாவது ஏட்டில் இருந்தது. கராஜில் பெட்டி ஒட்டியவர் கம்பெனியின் எந்த ஏட்டிலும் இல்லை. பழைய லெட்ஜர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கைமாறிய வாடிக்கை

அக்காவின் அம்மா துணித் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். அறுபது, எழுபதுகளில் டர்பனின் இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்த வேலைக்குப் போனார்கள். மகளை மெஷினில் உட்கார வைக்கக் கூடாது என்று டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1998ல் பி.காம்., 2001ல் கல்யாணம். 2003ல் "ஒரு நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்று மாமனாரின் கணக்குப் பிரிவில் வந்து உட்கார்ந்தார். அந்த நல்ல ஆளை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவரே ஒரு வாடிக்கையைப் பிடித்தார். கூடப் படித்த தோழியின் குடும்பத்தினர் மசாலாத்தூள் அடைத்து விற்பவர்கள். பெட்டி மழை ஈரத்தில் நமத்துப்போகிறது என்று தோழி சொல்ல, அக்கா தானே ஷாப்ஃப்ளோரில் நின்று இரண்டு மூன்று வகைக் காகிதத்தில் மாதிரி போட்டுப் பார்த்து அனுப்பினார். அந்தக் கணக்கு வளர்ந்தது. 2005ல் முதல் பிரசவம். சட்டப்படி நான்கு மாத விடுப்பு உண்டு. அந்த மாதங்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து ஒரு பகுதி வரும். நான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால் மசாலாக் கணக்கு கொழுந்தன் கையில்.

"சுமையக் கொறைச்சோம்னு சொன்னாங்க. நான் கொறைக்கச் சொல்லவே இல்லியே" என்றார் அக்கா, இருபது வருஷம் கழித்து என்னிடம்.

இதைத்தான் இந்த நிகழ்வின் முதல் திருப்பம் என்பேன். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பதவி போகவில்லை, சம்பளம் குறையவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வகை வேலை உண்டு. ஒன்று பணத்தை எண்ணுவது: கணக்கு, சம்பளம், ஆள் விவகாரம், அரசுப் படிவம். இன்னொன்று பணத்தை வரவைப்பது: உற்பத்தியும் விற்பனையும். எம்.டி. நாற்காலிக்கு யாரை உட்கார்த்தலாம் என்று யோசிக்கும்போது எல்லோர் கண்ணும் இரண்டாவது வகை ஆளைத்தான் தேடும். முதல் வகையில் எத்தனை வருஷம் உழைத்தாலும் "அவங்க இல்லாம ஒண்ணும் நடக்காது" என்ற பாராட்டோடு அங்கேயே இருக்க வேண்டியதுதான். நான் வேலை செய்த பத்துப் பன்னிரண்டு குடும்ப நிறுவனங்களிலும் பெண்கள் முதல் வகை அறையில்தான் இருக்கிறார்கள். அந்த அறையில் ஏ.சி. உண்டு, ஜன்னல் உண்டு, சுவரில் லட்சுமி படம் உண்டு. வெளியே போகும் கதவு மட்டும் கண்ணில் படுவதில்லை.

பெரிய நிறுவனங்களில் மேலே ஏறியவர்களைப் பார்த்தாலும் இது தெரியும். 2024 ஏப்ரலில் ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கிக் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரியான மேரி விலகாஸி கணக்காளராகப் பயிற்சி பெற்றவர்தான். ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னால் அதே குழுமத்தில் முதன்மை இயக்க அதிகாரியாக இருந்தார். எண்ணுகிற பக்கத்திலிருந்து நடத்துகிற பக்கத்துக்கு வர அவருக்கு ஒரு கதவு கிடைத்தது.

விற்பனை எங்கே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கொள்முதல் மேலாளர்களோடு உறவு வளர்வது ப்ரை எனப்படும் கறி சுடும் விருந்தில். ஒரு தடவை என்னையும் அழைத்திருந்தார்கள். தோட்டத்தில் நெருப்பைச் சுற்றி ஆண்கள், கையில் பீர். சமையலறையில் பெண்கள், கையில் சாலட் கிண்ணம். யார் சொல்லியும் அப்படிப் பிரியவில்லை. வெள்ளைக்கார வீடானாலும் இந்திய வீடானாலும் இதே வரிசைதான். அன்றைக்குக் காகித விலை ஏற்றத்தை யார் எவ்வளவு தாங்குவது என்பது நெருப்புப் பக்கம் முடிவாயிற்று. அந்த விலைக்கு லாபம் நிற்குமா நிற்காதா என்று தெரிந்த ஒரே ஆள் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் திங்கட்கிழமை காலையில் கணினியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

30 சதவீதம்

2015 மே மாதம் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்பு விதிகள் மாற்றப்பட்டு அமலுக்கு வந்தன. பிஇஇ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது. அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்றால் ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவரும் அடக்கம். புதிய விதியில், பெரிய கம்பெனிகள் கறுப்பினப் பெண்களுக்கு 30 சதவீதமாவது பங்குள்ள சப்ளையரிடம் வாங்கினால் தனிப் புள்ளி. மசாலாக் கம்பெனியைவிடப் பல மடங்கு பெரிய வாடிக்கை ஒன்று, "உங்கள் சான்றிதழில் பெண் பங்கு எவ்வளவு?" என்று கடிதம் எழுதியது.

ஒரே வாரத்தில் 30 சதவீதப் பங்கு அக்கா பெயருக்கு மாறியது. கம்பெனிப் பதிவேட்டில் டைரக்டர் ஆனார். மாமனார் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டார்களாம். அக்காவுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பிறகு என்ன மாறியது? நான் பின்னால் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். டைரக்டர் கூட்டம் ஒன்றுக்கும் அவர் அழைக்கப்படவில்லை. கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை, மாமனாரும் கொழுந்தனும் காரில் போகும்போது பேசிக்கொள்வதுதான் கூட்டம். டிவிடெண்ட் அவர் பெயரில் எழுதப்பட்டு அன்றைக்கே குடும்பக் கடன் கணக்குக்குத் திரும்பியிருக்கிறது. அந்த என்ட்ரியைப் போட்டவர் அக்காவேதான். வங்கியில் பணம் அனுப்ப இரண்டு படி உண்டு: ஒருவர் லோட் செய்ய வேண்டும், இன்னொருவர் ரிலீஸ் செய்ய வேண்டும். 2003ல் இருந்து லோட் செய்பவர் அக்கா. ரிலீஸ் உரிமை மாமனாருக்கும் கொழுந்தனுக்கும் மட்டும். டைரக்டர் ஆன பிறகும் அதுவே.

2017ல் வங்கி ஓவர்டிராஃப்டை உயர்த்தக் கேட்டபோது மட்டும் வங்கியே அக்காவைத் தேடி வந்தது. டைரக்டர்கள் எல்லோரும் சொந்தப் பொறுப்பில் ஷூரிட்டி, அதாவது கடனுக்குப் பிணை, கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். கடனுக்கு அவர் கையெழுத்து வேண்டும், செலவுக்கு வேண்டாம்.

2008ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் டைரக்டர்களுக்குள் 'பேருக்கு டைரக்டர்' என்று ஒரு தனி வகையை வைக்கவில்லை. தப்பு நடந்தால் கூட்டத்துக்கு வராதவரும் பதில் சொல்ல வேண்டும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஜூலை 2021

ஜூலை கலவரத்தை டர்பனில் இருந்த யாரும் மறக்க முடியாது. 9ஆம் தேதி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன, மொத்தம் 350 பேருக்கு மேல் செத்தார்கள். ரொட்டிக்கு வரிசை நின்றது. மாமனார் கோவிட்டோடு மருத்துவமனையில். அக்காவின் கணவர் மெஷின் பராமரிப்பு பார்ப்பவர், அப்பா பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். கொழுந்தன் வேலையாக ஜோஹானஸ்பர்க் போனவர், என்3 நெடுஞ்சாலை அடைபட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். தொழிற்சாலையின் கிடங்குக் கதவைப் பெயர்த்து, இருந்த காகித உருளைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அக்கா தானே வண்டி ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் அங்கே நின்றவர் டர்பனை ஒட்டிய உம்லாஸி குடியிருப்பிலிருந்து நடந்து வந்திருந்த ஒரு சூலு அம்மாள். தரப் பரிசோதனைப் பிரிவின் சூப்பர்வைசர், 19 வருஷ சர்வீஸ். கூட எட்டுப் பேர், கையில் விளக்குமாறு. "கேட்டைத் திறங்க, நனைஞ்ச காகிதத்தை முதலில் தூக்கிடலாம், இல்லேன்னா பூசணம் பிடிச்சிடும்" என்றாராம். வேறு எதையும் பேசவில்லையாம்.

வெள்ளிக்கிழமை சம்பள நாள். அந்த வாரத்தில் கூலி போடாவிட்டால் 140 வீட்டில் அடுப்பு எரியாது. அக்கா இரவு எட்டு மணிக்குச் சம்பளத்தை லோட் செய்தார். ரிலீஸ் செய்ய இரண்டே பேர்: ஒருவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, இன்னொருவர் ஜோஹானஸ்பர்க்கில், போனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் ஒன்பது செய்தி, இரண்டு நீல டிக் விழவில்லை. திரையில் 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று மஞ்சளில் எரிந்துகொண்டே இருந்ததாம். ரிலீஸ் ஆனது மறுநாள் காலை பத்தரைக்கு. கொழுந்தன் தூங்கிப்போயிருந்தார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது, அவரும் மூன்று நாள் கண் மூடாதவர்.

"அந்த ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. கம்பெனியே என் கையிலே இருந்துது, ஒரு பட்டன் மட்டும் இல்லே" என்றார் அக்கா.

கலவரச் சேதத்துக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம் சாஸ்ரியா. அதற்கான கோரிக்கையை இரண்டு தடித்த லீவர் ஆர்ச் ஃபைல்களாக அடுக்கியது அக்கா. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் போட்டியாளர் ஒருவரிடம் பேசி, அவர்கள் மெஷினில் இரவு ஷிப்டில் தன் வாடிக்கைகளுக்குப் பெட்டி அடித்து வாங்கியதும் அக்கா. ஒரு வாடிக்கையும் போகவில்லை. ஒன்பது மாதத்தில் 2022 ஏப்ரல் வெள்ளம். அப்போதும் ஏறக்குறைய இதே கதை.

"நீ எல்லாத்தையும் பாத்துக்கோ"

2023 புரட்டாசி. சாட்ஸ்வொர்த் தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார் அறிவித்தார்: "எனக்கு முடியலே. தம்பி எம்.டி.யா இருக்கட்டும்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீ எல்லாத்தையும் பாத்துக்கோ மா."

இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் ஆய்வே வேண்டாம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப்போகிறவர் ஒருவர், எம்.டி. இன்னொருவர். அக்காவின் கணவர் அந்த நேரம் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாராம். ஊற்றி முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

அக்கா கேட்டிருக்கிறார், மெதுவாக: "ஏன் மாமா, நான் இருக்கக் கூடாதா?" காரணங்கள் வந்தன. கஸ்டமர் ராத்திரி கூப்பிடுவான். மெஷின் நின்றால் இரண்டு மணிக்கு ஓட வேண்டும். ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் அந்த நேரத்தில் பெண் பிள்ளை தனியாக வண்டி ஓட்டலாமா? மாமிக்குத் துணைக்கு யார்? யூனியனோடு உட்கார்ந்து சண்டை போடணும்.

இதில் எதுவும் பொய் இல்லை. இந்த ஊரின் இரவு பயங்கரமானதுதான். ஆனால் கொழுந்தனை 2019ல் துப்பாக்கி காட்டி மிரட்டிக் காரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. காருக்கு டிராக்கர் மாட்டிக் கொடுத்தார்கள். யூனியனைப் பொறுத்தவரை, ஊதியப் பேச்சில் எண்களைத் தயார் செய்து அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எப்போதும் அக்கா.

'கண்ணாடிக் கூரை' என்று ஒரு சொல்லை எல்லாக் கருத்தரங்கிலும் கேட்கிறேன். மேலே வானம் தெரியும், தடுப்பு தெரியாது என்று அர்த்தமாம். நான் பார்த்த தொழிற்சாலைகளில் அது தகரக் கூரை. போட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சில சமயம் அவரே சாப்பாட்டு இலையில் எதிரே உட்கார்ந்திருப்பார், பிரியமானவராகவும் இருப்பார்.

இந்தக் கூரைக்கு வயது அதிகம். தமிழ் வம்சாவளியில் கிளேர்வுட்டில் பிறந்த நவநீதம் பிள்ளை 1967ல் நேட்டாலில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்ததை முதல் சாதனை என்று மேடையில் சொல்வோம். வேலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் அலுவலகமும் கிடைக்காததால் திறந்தார் என்பதைச் சொல்வது குறைவு. மனைவி கணவனின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவள், அவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் செய்ய முடியாது என்ற பழைய சட்டநிலை இங்கே 1984 வரை பெருமளவு நின்றது, அதன் கடைசி வேர் 1993ல்தான் அறுந்தது. இந்துச் சடங்கில் தாலி கட்டிப் பதிவு செய்யாத மனைவி, உயில் இல்லாமல் கணவன் இறந்தால் அவன் சொத்துக்கு வாரிசு என்று டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது 2009ல். அக்காவின் மாமனார் தொழில் கற்றுக்கொண்ட காலம் இது. பெண் கையெழுத்து செல்லாத ஊரில் வளர்ந்தவர், கையெழுத்தைக் கொடுக்கத் தயங்கினால் எனக்குக் கோபம் வருகிறது, ஆச்சரியம் வரவில்லை.

மூன்று தாள்

2024 நடுவில் பிஇஇ சான்றிதழைச் சரிபார்க்க வந்த இளைஞர், பெண் பங்குதாரரோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். மூன்று தாள் கேட்டார்: டைரக்டர் கூட்டக் குறிப்பு, டிவிடெண்ட் கையில் வந்ததற்கு அத்தாட்சி, வங்கியில் யார் யாருக்குக் கையெழுத்து உரிமை என்ற கடிதம். அக்கா மூன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

பேருக்குக் கறுப்பினத்தவரை முன்னால் நிறுத்திச் சலுகை வாங்குவதை இங்கே ஃப்ரண்டிங் என்பார்கள். நம் ஊர் பினாமிக்கு அண்ணன் முறை. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது கிரிமினல் குற்றமாயிற்று: தனி ஆளுக்கு 10 ஆண்டு வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம். அன்று மாலையே கொழுந்தன் எனக்குப் போன் செய்தார். "மேடம், ஒரு ஏழெட்டு மினிட்ஸ் டைப் பண்ணிக் குடுங்க. பழைய தேதி போட்டு. அண்ணி கையெழுத்து போட்டுடுவாங்க."

முடியாது என்று சொன்னேன். ஆனால் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. என் வருமானத்தில் இந்தக் குடும்பத்தின் பங்கு என்ன என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். ஆறு வருஷம் அந்தக் கட்டத்தில் 1 போட்டவளும் நானே. அக்காவும் கையெழுத்து போட மறுத்துவிட்டார். "இருபது வருஷமா இல்லாத கையெழுத்து இப்ப மட்டும் எதுக்கு?" என்று கேட்டாராம்.

பிறகு அவர் செய்ததுதான் இந்த நிகழ்வில் நான் எதிர்பாராதது. கம்பெனிச் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். வாக்குரிமையில் 10 சதவீதம் உள்ளவர்கள் எழுத்தில் கேட்டால் பங்குதாரர் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். கம்பெனியின் அமைப்பு விதியை மாற்றவோ, சொத்தில் பெரும்பகுதியை விற்கவோ வழக்கமாக 75 சதவீத வாக்கு வேண்டும். அவர் கையில் 30. அதாவது அவர் இல்லாமல் 75 வராது. கொழுந்தன் கட்டடத்தை விற்றுவிட்டு வாடகைக்கு இருக்கும் திட்டம் வைத்திருந்தார். கம்பெனிச் சொத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டடம்தான். சான்றிதழுக்காகப் போகிற போக்கில் எழுதிக் கொடுத்த பங்கு, ஒன்பது வருஷம் பூட்டின பெட்டியில் கிடந்துவிட்டு, இப்படி ஒரு வேலைக்கு ஆகும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். ஒதுக்கீடும் இலக்கும் வெறும் காகிதம் என்று சொல்பவர்களோடு நான் இதனால்தான் முழுக்கச் சேர்வதில்லை.

கூட்டம் நடந்தது, வீட்டில் இல்லை, தொழிற்சாலை அலுவலகத்தில், ஒரு வக்கீல் முன்னிலையில். அக்கா கேட்டது நான்கு: ரிலீஸ் உரிமை, உற்பத்திப் பிரிவின் முழுப் பொறுப்பு, மாதம் ஒரு முறையான டைரக்டர் கூட்டம், ஷூரிட்டியிலிருந்து விடுதலை அல்லது அதற்கு ஈடான உரிமை. எம்.டி. பதவியைக் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "மொதல்ல மெஷின் ஓடற சத்தத்துல உக்காரணும். எம்.டி. பலகை சும்மா கெடக்கட்டும்." கிடைத்தது: இரண்டரை லட்சம் ராண்ட் வரை ரிலீஸ், இரண்டு உற்பத்தி வரிசைகளில் ஒன்றின் பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். ஷூரிட்டி அப்படியே. மாமனார் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. மாமியார் மட்டும் மறுநாள் காலை தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாராம். புது வரிசை ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பசை எங்கே இருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கதையை ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையாக மட்டும் முடித்தால் கணக்கு தப்பிவிடும். இந்தியர்கள் இந்த நாட்டு மக்கள்தொகையில் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உச்சி நிர்வாக வரிசையில் பத்துக்கு ஒருவருக்கு மேல் நாம் இருக்கிறோம். எல்லா இனத்துப் பெண்களையும் சேர்த்தால் அந்த வரிசையில் ஏறத்தாழ கால்வாசி. ஆப்பிரிக்கப் பெண்களின் பங்கு அவர்கள் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. விளக்குமாறோடு நடந்து வந்த அந்த சூப்பர்வைசர் என் படிவத்தில் நான்காம் வரிசையில் இருக்கிறார். 2018லும் நான்கு, இன்றும் நான்கு. உற்பத்திப் பொறுப்பு கைக்கு வந்த முதல் மாதம் அக்கா அவரைத் துணை மேலாளராக்க எழுதிக் கொடுத்தார். "டிப்ளமா இல்லியே" என்று பதில் வந்தது. கொழுந்தனிடமும் டிப்ளமா இல்லை.

2025 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சமத்துவத் திருத்தச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு தொழில்துறைக்கும் ஐந்தாண்டு இலக்கு, ஏப்ரலில் அரசிதழில் வந்துவிட்டது. அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், குழந்தை பிறந்தால் நான்கு மாதமும் பத்து நாளுமான விடுப்பைப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. எத்தனை அப்பாக்கள் எடுப்பார்கள், அவர்களுடைய மசாலாக் கணக்கு திரும்பி வரும்போது மேசையிலேயே இருக்குமா என்று பார்க்கலாம். இலக்கைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. மேல்வரிசையில் 1 வேண்டும் என்று என்னிடம் வரும் தொலைபேசிகள் ஏற்கெனவே கூடியிருக்கின்றன.

ஜனவரி இரண்டாம் வாரம், கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் தடவையாக.

"அக்கா, உங்களை எந்த வரிசையிலே போடட்டும்?"

பின்னால் மெஷின் சத்தம். "இப்ப என்ன போட்டிருக்கே?"

"உச்சி நிர்வாகம்."

"ரெண்டாவதுலே போடு."

"நீங்க டைரக்டர் அக்கா. சட்டப்படி..."

"கட்டடத்தை விக்கறதைப் பத்தி நேத்து ரெண்டு பேரும் காருலே பேசிட்டு வந்தாங்க. எனக்கு இன்னிக்குத்தான் சொன்னாங்க. ரெண்டாவதுலே போடு. அவங்க கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

மேல்வரிசைக் கட்டத்தில் இருந்த 1ஐ அழித்துவிட்டு 0 போட்டேன். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எம்.டி. இன்னும் போடவில்லை.